பூசணிக்காய்க்கு முகம் வரைய ஒரு பக்கம் ஒதுக்குங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில போன வாரம் ஒருத்தர் எழுதியிருந்தாரு, ஸ்கூல்ல எல்லாம் ஹாலோவீன்னு சொல்லி புள்ளைங்களுக்கு பேய் வேஷம் கட்டி விடுறாங்க, நம்ம ஊருக்கு எதுக்கு இந்தக் கூத்துன்னு. படிச்சேன். எனக்கும் கோவம் இருக்கு, ஆனா பண்டிகை மேல இல்ல சார், பூசணிக்காய் மாதிரி செஞ்சு விக்கிற அந்த ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக் பக்கெட்டு மேல. அக்டோபர் கடைசி வாரம் வந்தா போதும், ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்புல மெசேஜ் வந்துடுது, பம்ப்கின் டெக்கரேஷன் காம்பிடிஷன், எல்லாரும் ஒண்ணு எடுத்துக்கினு வரணும்னு. உடனே அம்மாக்காரங்க ஆன்லைன்ல தேடுறாங்க, அப்பாக்காரங்க காசி செட்டி தெருவுக்கு வண்டிய எடுத்துக்கினு ஓடுறாங்க. பல்ல இளிக்கிற முகம் ஏற்கனவே அச்சடிச்சே வருது, அதுல புள்ள பண்றதுக்கு இன்னா மிச்சம் இருக்கு? ரெண்டு தெரு தள்ளி காய்கறி வண்டியில நிஜப் பூசணிக்காய் குந்திக்கினு இருக்கு, அதை யாரும் திரும்பிக் கூட பாக்குறதில்ல.

நான் போர்டு ஆர்ட்டிஸ்ட் சார். ஃப்ளெக்ஸ் வர்றதுக்கு முன்னாடி பழைய வண்ணாரப்பேட்டையில இருந்து திருவொற்றியூர் வரைக்கும் கடை போர்டு, கட்சி சுவரு, லாரி பின்பக்கம்னு கெடச்சதெல்லாம் எழுதினவன். இப்ப எனக்கு வர்ற வேலையில முக்காவாசி திருஷ்டி பூசணிக்கு முகம் வரையறது தான். புது வீடு, மளிகைக் கடை, மெக்கானிக் ஷெட்டு, எல்லாரும் கேப்பாங்க. அதனால காய் மேல முகம் வரையறதப் பத்தி மட்டும் எனக்கு வாய் இருக்கு, அந்த உரிமையில எழுதுறேன்.

மொதல்ல அந்தக் கடிதக்காரருக்கு ரெண்டு வார்த்தை சொல்லிடுறேன். ஹாலோவீன் அக்டோபர் 31 ராத்திரி. மறுநாள் நவம்பர் 1 சகல புனிதர் திருநாள், அதுக்கு அடுத்த நாள் கல்லறைத் திருநாள். ராயபுரம், காசிமேடு பக்கத்து ஜனங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல, கல்லறைய கழுவி பூ போட்டு மெழுகுவத்தி ஏத்திட்டு வருவாங்க. அந்த சகல புனிதர் திருநாளுக்கு முந்தின ராத்திரி தான் இவங்க சொல்ற ஹாலோவீன். காய்க்குள்ள விளக்கு வைக்கிற பழக்கம் அயர்லாந்துக்காரங்களோடது, அவங்க ஊர்ல அப்ப குடைஞ்சது பூசணி கூட இல்ல, டர்னிப்னு முள்ளங்கி குடும்பத்துக் கிழங்கு ஒண்ணு. 1845ல அங்க உருளைக்கிழங்கு பயிரு அழுகி பெரிய பஞ்சம் வந்துச்சு, லட்சக்கணக்கான பேரு கப்பலேறி அமெரிக்கா போனாங்க, அங்க பூசணி பெருசாவும் குடையறதுக்கு சுலபமாவும் கெடைக்கவும் கிழங்க விட்டுட்டாங்க. இப்ப அங்க இது எங்க போயி நிக்குதுன்னா, 2023ல கலிஃபோர்னியாவுல ஒரு போட்டியில ஒத்தக் காய் 1,247 கிலோ எடை நின்னுச்சு, நம்ம குட்டி யானையில ஏத்தினா வண்டி அங்கேயே படுத்துக்கும்.

அப்புறம் இந்த மஞ்சப் பூசணி செடியே அமெரிக்காக் கண்டத்துல இருந்து வந்தது தான், மிளகாயும் அப்படித்தான். சாம்பார்ல போட்டா நம்ம காய், முகம் வரைஞ்சா வெள்ளைக்காரன் காயா? நம்ம ஏரியாவுல கட்டுமானம் நடக்குற எந்தக் கட்டடத்த வேணும்னாலும் அண்ணாந்து பாருங்க, மீசை வெச்சி நாக்க நீட்டிக்கினு ஒரு பூசணிக்காய் தொங்கும். இதோட இந்தச் சண்டைய விட்டுடுறேன், எனக்கு சொல்ல வேண்டியது வேற.

வீட்ல புள்ளைங்களோட இதைப் பண்றவங்களுக்கு என் மொத யோசனை, வெட்டாதீங்க, வரைங்க. படத்துல, வீடியோவுல எல்லாம் கத்தியால குடைஞ்சு உள்ள லைட்டு வெச்சி காமிக்கிறாங்க, அழகா தான் இருக்கும், ஆனா அது குளிர் ஊரு வேலை. அங்க வாசப்படியில வெச்சா ஒரு வாரம் கூட தாங்கும். இங்க அக்டோபர் கடைசின்னா வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சிருக்கும், மழை விட்டா புழுக்கம், வெட்டின காய் ரெண்டாம் நாளே ஓரம் சுருங்கி உள்ள பூஞ்சை புடிச்சி ஈ மொய்க்கும், மூணாம் நாள் வீட்டுக்காரம்மா காயையும் உங்களையும் சேத்து வெளிய தள்ளிடுவாங்க. வெட்டாத காய் மேல பெயிண்ட் அடிச்சா வாரக்கணக்குல நிக்கும். அதோட கத்தி இல்லாததால மூணு வயசுக் குழந்தையில இருந்து ஆயா வரைக்கும் எல்லாரும் ஒண்ணா குந்தலாம்.

காய் வாங்கறப்ப அடி தட்டையா இருக்கான்னு தரையில வெச்சிப் பாருங்க, உருளற காய் வேணாம். தோல்ல நகத்த அழுத்தினா பதியக் கூடாது, பதிஞ்சா இன்னும் முத்தல, சீக்கிரம் அழுகிடும். காம்பு ஒட்டிக்கினு இருக்கணும், ஆனா காம்பப் புடிச்சித் தூக்காதீங்க, கழண்டு வந்தா அந்த ஓட்டை வழியா தான் அழுகல் இறங்கும். நம்ம ஊரு மஞ்சப் பூசணி படத்துல வர்ற மாதிரி பளபளன்னு ஆரஞ்சா இருக்காது, பச்சையும் மஞ்சளும் கலந்து வரி வரியா பள்ளத்தோட இருக்கும், பரவால்ல, அந்த வரி தான் நமக்கு வசதி, ஏன்னு சொல்றேன். கடைக்காரர் கீத்து போட்டு விக்கிறதுக்கு வெச்சிருப்பாரு, முழுசா குடுங்கன்னு முன்னாடியே சொல்லி வெச்சிட்டா மூணு நாலு கிலோவுல ஒண்ணு எடுத்து வெப்பாரு. வெள்ளைப் பூசணியும் போதும், ஆயுத பூஜைக்கு வந்ததுல மிச்சம் இருந்தா சல்லிசாவே குடுத்துடுவாங்க. ஆனா அது மேல சாம்பல் பூத்த மாதிரி ஒரு பொடி இருக்கும் பாருங்க, அதை சோப்புத் தண்ணி தொட்ட துணியால ஒட்டத் தொடைச்சி நல்லா காயவெச்சிட்டு தான் பெயிண்ட் அடிக்கணும். இல்லனா பெயிண்ட் புடிக்காது, காஞ்சதும் தகடு தகடா உரிஞ்சி வரும்.

பெயிண்ட்டுல எனாமல் வேணவே வேணாம், அது எங்களுக்கு. டர்பன்டைன் நாத்தம் புள்ளைங்க மூக்குக்கு ஆகாது, கையில பட்டா போகாது. போஸ்டர் கலர் சுலபமா அடிக்கலாம், ஆனா மழைச் சாரல் பட்டா வழிஞ்சி கண்ணு மூக்கு எல்லாம் ஒண்ணாயிடும். ஸ்டேஷனரி கடையில அக்ரிலிக் கலர் சின்ன டப்பா செட்டு கெடைக்கும், அது தான் சரி, ஈரமா இருக்கிறப்ப தண்ணியில கழுவலாம், காஞ்சப்புறம் தண்ணிக்கு அசையாது. மொதல்ல வெள்ளை ஒரு கோட்டு அடிச்சி காயவிட்டு அது மேல கலர் போட்டீங்கன்னா தான் எடுப்பா தெரியும், நேரா பச்சைத் தோல் மேல மஞ்சள் அடிச்சா அது மஞ்சளாவே தெரியாது.

இப்ப முகம். நேரா பிரஷ்ஷ எடுக்காதீங்க, சாக்பீஸால கோடு போடுங்க. காய்ல வரி வரியா பள்ளம் இருக்குன்னு சொன்னேன்ல, நல்லா இருக்கிற பக்கத்துல ஒரு பள்ளத்தைத் தேர்ந்தெடுங்க, அது தான் மூக்கு நடுக்கோடு. அதுக்கு ரெண்டு பக்கமும் மேடு வரும், அந்த மேட்டு மேல ஆளுக்கொரு கண்ணு. கண்ணு காயோட பாதி உயரத்துல இருக்கணும், நெறைய பேரு மேல கொண்டு போயி வெச்சிடுறாங்க, அப்புறம் வாய்க்கு கீழ இவ்ளோ இடம் சும்மா கெடக்கும். பயமுறுத்துற முகமா சிரிக்கிற முகமான்னு முடிவு பண்றது கருவிழி தான். வட்டம் பெருசு, உள்ள கருவிழி சின்னதா, சுத்தி வெள்ளை தெரியற மாதிரி வெச்சா முழிக்கும், பாக்குறவனுக்கு திக்குன்னு இருக்கும், திருஷ்டி பூசணிக்கு நாங்க வெக்கிறது அது. கருவிழிய பெருசாக்கி மேல ஓரமா ஒரு வெள்ளைப் புள்ளி வெச்சிட்டா அதே காய் கொழந்த முகம் ஆயிடும். வாய்க்கு மொதல்ல பல்லு, அப்புறம் தான் உதடு. பல்லு வரிசை கோணலா இருந்தா விட்டுடுங்க, பேய்க்கு கோணப் பல்லு தான் அழகு. புருவம் கடைசியில, உள்பக்கம் தாழ்ந்தா கோவம், உள்பக்கம் தூக்கினா அழுமூஞ்சி, இதைப் புள்ளைங்ககிட்ட விரல வெச்சிக் காட்டினீங்கன்னா ஒரு மணி நேரம் அதையே மாத்தி மாத்தி அழிச்சி வெளையாடும்.

சின்னதுங்க பிரஷ் புடிக்காது, அதுங்களுக்கு ஸ்டிக்கர் பொட்டு பாக்கெட்டு ஒண்ணு குடுத்துடுங்க, உல்லன் நூல்ல முடி, டெய்லர் கடை வெட்டுத்துணியில தொப்பி. கிராம்ப வரிசையா குத்தி பல்லு வெக்கலாம், வாசனையும் வரும், ஓட்டைய மொதல்ல பெரியவங்க ஆணியால போட்டுக் குடுத்துடணும். குண்டூசி மட்டும் சின்னதுங்க கையில போகக் கூடாது.

இல்ல, வெட்டி லைட்டு வெச்சே ஆகணும்னு பெரிய புள்ளைங்க அடம் புடிக்கும், ஏழாவது எட்டாவது படிக்கிறதுங்க. சரி, அதுக்கும் வழி இருக்கு. 31ந் தேதி மத்தியானம் வெட்டுங்க, அதுக்கு முன்னாடி வேணாம். எல்லாரும் மேல காம்பைச் சுத்தி மூடி வெட்டுவாங்க, அப்படி வெட்டினா கத்திய நேரா இறக்காம நடுவைப் பாத்து சாய்ச்சி வெட்டுங்க, அப்ப தான் மூடி உள்ள விழாம உக்காரும். அதை விட அடியில ஓட்டை போடறது நல்லது, லைட்ட தரையில வெச்சி காய அது மேல கவுத்தா முடிஞ்சுது. அப்புறம் குழிக்கரண்டியால விதையும் நாரும் வழிக்கணும், இது தான் புள்ளைங்களுக்கு ரொம்பப் புடிச்ச வேலை, கைய விட்டு கொழகொழன்னு எடுக்கும், சட்டைய கழட்டிட்டு விடுங்க. முகம் வர்ற பக்கத்து சதைய உள்ள இருந்து சுரண்டி ஒரு இஞ்ச் தடிமனுக்குக் கொண்டு வாங்க. நம்ம ஊரு காய் சதை கெட்டி, இதைப் பண்ணாம விட்டா கத்தியும் இறங்காது வெளிச்சமும் வெளிய வராது.

கத்தின்னா வீட்டுல வெங்காயம் நறுக்கறது வேணாம், அருவாமனைய நெனைச்சுக் கூட பாக்காதீங்க. ஹார்டுவேர் கடையில ஆக்சா பிளேடு ஒண்ணு வாங்கி, பாதியா ஒடைச்சி, ஒரு முனையில துணிய கெட்டியா சுத்தி இன்சுலேஷன் டேப் ஒட்டிட்டா அது தான் காய் வெட்டுற ரம்பம். மெல்லிசா இருக்கிறதால வளைவுல திரும்பும், குத்தித் தள்ள வேணாம், இழுத்து இழுத்து அறுத்தா போதும். பிளேட சோப்பு போட்டுக் கழுவிட்டு புடிங்க. காய்க்கு அடியில ஈரத்துண்டு மடிச்சி வெச்சா வழுக்காது. புடிச்சிக்கினு இருக்கிற கைய பாத்து பிளேடு வரக் கூடாது, எப்பவும் அதுக்கு எதிர்ப் பக்கம். கண்ணு மூக்கு மாதிரி சின்னத மொதல்ல முடிச்சிட்டு வாய கடைசியில வெட்டுங்க, வாய் பெருசு, அதை முன்னாடியே தொறந்துட்டா காய் பலம் போயி பல்லு ஒடையும். அறுத்த துண்டு வரலைனா வெளிய இருந்து நோண்டாம உள்ள கைய விட்டு தள்ளுங்க. வெட்டின ஓரத்துல வேஸ்லின் தடவி வெச்சா சீக்கிரம் காயாது. இதெல்லாம் பெரியவங்க வேலை, புள்ளைங்க வரையட்டும், வழிக்கட்டும், பிளேடு பக்கம் வேணாம்.

லைட்டுக்கு மெழுகுவத்தி வேணாம்னு கெஞ்சிக் கேட்டுக்கிறேன். 2024ல தீபாவளியே அக்டோபர் 31 அன்னிக்கு தான் வந்துச்சு, மத்த வருஷத்துலயும் சுத்தி சுத்தி அந்த சமயம் தான், வீட்ல பட்டாசு மிச்சம் கட்டில் கீழ கெடக்கும். வாடகைக்கு எடுத்த பேய் டிரஸ்ஸு பெரும்பாலும் நைலான், பாலியெஸ்டர், நெருப்பு பட்டா உருகி தோல்ல ஒட்டிக்கும். பாரிஸ் கார்னர் பக்கம் பேட்டரி மெழுகுவத்தி டஜன் கணக்குல விக்குது. அதுல பட்டன் பேட்டரி போட்டிருப்பாங்க, மூடிக்கு ஸ்க்ரூ இருக்கான்னு பாத்து வாங்குங்க, சின்னக் கொழந்த அதை முழுங்கிடுச்சுன்னா உள்ள தொண்டையப் புண்ணாக்கிடும், கொஞ்ச நேரம் கூட காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

வழிச்சி எடுத்ததை தூக்கிப் போட்டுடாதீங்க. சதைய அன்னிக்கே கூட்டோ புளிக்குழம்போ வெச்சிடலாம், வெள்ளைப் பூசணியா இருந்தா மோர்க்குழம்பு, கையில நேரம் இருந்தா காசி அல்வா. விதைய நாரு போகக் கழுவி, உப்புத் தண்ணியில பத்து நிமிஷம் கொதிக்க விட்டு, துணியில காயவெச்சி, இரும்புச் சட்டியில சின்னத் தீயில வறுத்தீங்கன்னா பட்பட்டுன்னு வெடிக்கும், மேல கொஞ்சம் மிளகாத்தூள். என் வீட்ல முகம் வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள விதை காலியாயிடும். லைட்டு வெச்சி வெளிய கெடந்த காய மட்டும் மறுநாள் எடுத்து சமைக்காதீங்க.

எல்லாம் முடிஞ்சப்புறம் பெயிண்ட் அடிச்ச தோல மாட்டுக்குப் போடக் கூடாது. நம்ம தெருவுல மாடு எதையும் விடாது, அதுக்குத் தெரியுமா அக்ரிலிக்குன்னு. தோல சீவிட்டு சதைய மட்டும் போடுங்க, தோல் குப்பைக்கு. ரோட்டுல ஒடைக்கிற பழக்கமும் இதுக்கு வர வேணாம். ஆயுத பூஜை மறுநாள் டி.எச். ரோடு, அதான் திருவொற்றியூர் ஹைரோடு, எப்படி இருக்கும்னு வண்டி ஓட்டுறவனைக் கேளுங்க, குங்குமம் கலந்த சதை மேல டூவீலர் ஏறி சறுக்கி ஒரு பையன் முட்டி பேந்து உக்காந்திருந்ததை நானே தூக்கி விட்டிருக்கேன். அந்தப் பூசணியில பாதிக்கு முகம் வரைஞ்சதே நானா இருக்கலாம், ஆனாலும் சொல்றேன், ஒடைச்சா ஓரமா ஒடைச்சி அப்பவே அள்ளிடணும், காலையில வர்ற மாநகராட்சி அம்மாவுக்கு விட்டு வெக்கக் கூடாது.

இப்ப உங்ககிட்ட கேக்க வந்தது. அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை பேப்பர்ல ஒரே ஒரு பக்கம், பூசணிக்காய் முகம் முழு சைஸுல போடுங்க சார். எங்க வேலையில பெரிய டிசைன சுவத்துல ஏத்தணும்னா, பேப்பர்ல வரைஞ்சி கோட்டு மேல ஊசியால நெருக்கமா குத்துவோம், அதை சுவத்துல ஒட்டி, துணியில சாக்பீஸ் பொடி முடிஞ்ச மூட்டையால தட்டினா ஓட்டை வழியா பொடி இறங்கி புள்ளி புள்ளியா டிசைன் வந்துடும். அதையே காய்ல பண்ணலாம். நியூஸ் பேப்பர் மெல்லிசு, தண்ணி தொட்டு ஒட்டினா வளைவுல அப்படியே படிஞ்சிக்கும், ஓரத்துல கத்திரியால நாலஞ்சு வெட்டு விட்டா சுருக்கமும் விழாது. பெரியவங்க கோட்டு மேல குண்டூசியால தோல்ல பதியற மாதிரி குத்திட்டு பேப்பர உரிச்சி எடுத்துட்டு, காய தொடைச்சி மேல கோலமாவ தேய்ச்சா ஓட்டை எல்லாம் வெள்ளையா தெரியும். அப்புறம் புள்ளியச் சேக்கறது கோலம் போடற வேலை தான், நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்கு சொல்லித் தரணுமா? வரையத் தெரியாதுன்னு யாரும் பிளாஸ்டிக் பக்கெட்டு வாங்கப் போக வேண்டியதில்ல, பேப்பரு சில்லறைக் காசு தான், காயி எப்படியும் வீட்டுக்கு வாங்கறது தான்.

ஒரே பக்கத்துல மூணு முகம் அடங்கும். சின்னதுங்களுக்கு பூனை, நடுத்தரத்துக்கு ஆந்தை, பெருசுங்களுக்கு கோணப் பல்லு பேய். ஒவ்வொண்ணும் ஒரு சாண் அகலம் வரணும், மூணு கிலோ காய்க்கு அது தான் கணக்கு. கோடு தடியா இருக்கட்டும், மெல்லிசா போட்டா குத்தறப்ப கிழிஞ்சிடும். கலர் வேணாம், கறுப்பு மை போதும். பின்பக்கம் குறுக்கெழுத்துப் போட்டி போட்டுடாதீங்க, எங்க வீட்டு பெருசு அந்தப் பேப்பர தரவே தராது, வரி விளம்பரம் போட்டுடுங்க. வரைய ஆள் இல்லன்னா சொல்லி அனுப்புங்க, நானே மூணையும் சார்ட் பேப்பர்ல போட்டுக் கொண்டாந்து ஆபீஸ்ல குடுக்கறேன், காசு எதுவும் வேணாம், அடியில பேரு போட்டா போதும், அதுவும் சின்னதா.

இப்படிக்கு,
ஒரு போர்டு ஆர்ட்டிஸ்ட்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை 21